தேய்ந்துபோன தோட்டச் சபையை மீண்டும் எழுப்புதல்: புதிதாகப் பொறுப்பேற்கும் போதகருக்குச் சில வழிமுறைகள்

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டச் சபைக்கு மாற்றலாகிச் செல்லும் போதகர் முதல் ஞாயிறன்று காணும் காட்சி பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கருங்கல்லால் கட்டப்பட்ட ஆலயம், அதன் ஒரு பக்கச் சுவரில் மழைநீர் வடிந்த பச்சைக் கறை, நூற்றைம்பது பேர் அமரக்கூடிய வாங்குகளில் முன்பக்கம் மட்டும் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள், கதவோரத்தில் உள்ளே வருவதா வேண்டாமா என்று நிற்கும் இரண்டு இளைஞர்கள். ஆராதனை முடிந்ததும் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, முன்பெல்லாம் கிறிஸ்மஸ் அன்று இடமில்லாமல் வெளியே நின்றுதான் பாடினோம் ஐயா என்று சொல்வார். அதைக் கேட்ட உடனே எழுப்புதல் கூட்டம் ஒன்றுக்குத் திகதி குறித்து, கொழும்பிலிருந்து பேச்சாளரை அழைத்து, ஒலிபெருக்கி கட்டத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டச் சபைகளில் ஊழியம் செய்தவன் என்ற முறையில் இவற்றை எழுதுகிறேன். தேய்ந்த சபை மூன்று நாள் கூட்டத்தால் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. போதகர் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களுக்கு நடந்து போய், அங்குள்ளவர்களில் சிலரைக் கண்டெடுத்துப் பொறுப்பாளர்களாக வளர்த்து, அவர்கள் கால் ஊன்றும்வரை பொறுமையோடு தங்கியிருந்த இடங்களில் சபை திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். கீழே வருபவை எல்லாம் அந்த ஒரு வேலையைச் செய்வதற்கான வழிகளே.

எந்தக் காலத்தில் தேய்ந்தது என்று கண்டுபிடியுங்கள்

மருந்து கொடுப்பதற்கு முன் நோய் எது என்று தெரிய வேண்டும். தோட்டச் சபைகள் எல்லாம் ஒரே காரணத்தால் தேய்ந்தவை அல்ல. ஆங்கிலிக்கரின் தோட்ட ஊழியமான தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கப்பட்டபோது, அது துரைமாரின் நன்கொடையாலும் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களின் நடையாலும் நடந்தது. மெதடிஸ்த சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் தத்தம் வழியில் தோட்டங்களுக்குள் வந்தன. எந்தச் சபையானாலும் அடித்தளம் ஒன்றுதான்: குருவானவர் மாதம் ஒருமுறை வருவார், மற்ற நாட்களில் உபதேசியாரோ தோட்டப் பாடசாலை ஆசிரியரோ ஜெபம் நடத்துவார், நோயாளியைப் பார்ப்பார், பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பார். அந்த ஒருவரை வைத்துத்தான் சபை நின்றது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளும், பின்னர் எழுபதுகளில் தோட்டப் பாடசாலைகளும் அரசின் கைக்குப் போனபோது, பல இடங்களில் அந்த ஆசிரியர் சபையை விட்டு விலகிப்போனார். அவருடைய இடத்தை நிரப்ப யாரும் வரவில்லை.

அதோடு 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் சேர்ந்துகொண்டது. குடியுரிமையின்றி இருந்த மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் இரண்டு அரசுகளும் உடன்பட்டன. எஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. முதியவர்கள் 'அழுகைக் கோச்சி' என்று சொல்லும் அந்த ரயிலில் ஏறி, தலைமன்னார் வழியாகப் போனவர்களோடு சபைகளின் பாடகர் குழுக்களும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களும் போனார்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. அந்தக் காலத்துப் பஞ்சத்தில் மக்கள் பசியால் மடிந்தார்கள். 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தன. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்கு மாறியதற்குப் பிந்திய காலத்தில், இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போவது வழக்கமாகிவிட்டது.

இந்த வரலாற்றை ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் கையாலேயே வாசிக்கலாம். அலுமாரியிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்து, ஆண்டுக்கு எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம், எத்தனை அடக்கம் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு மாலைகள் போதும். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எண்ணிக்கை திடீரென விழுந்திருந்தால், உங்கள் சபை பிரிந்துபோனவர்களை எண்ணித் துக்கப்படும் சபை. அங்கே நினைவுகளைக் கேட்பதே முதல் ஊழியம். தொண்ணூறுகளுக்குப் பின் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்திருந்தால், உறுப்பினர்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை, வேலை தேடி ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களோடு தொடர்பை மீட்பதே வழி. நான்கைந்து ஆண்டுகளுக்குள் வேகமாகச் சரிந்திருந்தால், பெரும்பாலும் உள்ளே ஒரு சண்டை நடந்திருக்கும், அல்லது முன்பிருந்த ஊழியர் ஒருவரால் யாரோ புண்பட்டிருப்பார்கள். இந்த மூன்றாவது வகைச் சபையில் புதிய நிகழ்ச்சிகளைத் தொடங்குவது, உடைந்த எலும்பை வைத்துக் கட்டாமல் அதன்மேல் எண்ணெய் தடவுவது போன்றது. ஒப்புரவு நடக்கும்வரை வேறெதையும் தொடங்க வேண்டாம்.

முதல் ஆறு மாதம்: நடந்து போகுங்கள்

நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் சென்றபின், யாரிடமும் எதையும் சொல்லாமல், இரவில் சிலரோடு மட்டும் எழுந்துபோய் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். அந்த ஒழுங்கை அப்படியே பின்பற்றுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு எந்த மாற்றத்தையும் அறிவிக்காமல், பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையாவது செல்லுங்கள். வராதவர்களின் வீடுகளுக்கு முதலில் போக வேண்டும். வருகிறவர்கள் உங்களை ஞாயிறுதோறும் காண்கிறார்கள், ஆகவே அவர்கள் காத்திருப்பார்கள்.

எந்த நேரத்தில் போவது என்பது முக்கியம். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் பின் பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து, வீடு திரும்பி, பிள்ளைகளைக் கவனித்து, அடுப்பு மூட்டும் வேளையில் போதகர் வாசலில் நின்றால் அது அந்த அம்மாவுக்குக் கூடுதல் சுமை. இருட்டியபின், சாப்பாட்டுக்கு முன்னுள்ள அரை மணி நேரம் பொருத்தமாக இருக்கும். முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்களுக்காகக் கடையில் கடன் சொல்லிப் பிஸ்கட் வாங்குவார்கள். தேநீர் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள், அதற்குமேல் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை என்பதை முதல் வருகையிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் அன்று கட்டப்பட்ட லயன் காம்பராவில் மூன்று தலைமுறைகள் வாழும்போது, உட்காரச் சொல்வதற்கே கூச்சப்படும் குடும்பங்கள் உண்டு. வாசலில் உள்ள கல்லில் அமர்ந்து பேசுவதில் ஒரு குறையும் இல்லை.

அங்கே போய் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு வரும் பதில் எப்போதும் வேலை அதிகம் ஐயா என்பதாகத்தான் இருக்கும். உங்கள் அப்பா எந்த டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இருந்தவர், உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார், இந்தியாவில் யாரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பேச்சு தானாக வளரும். சபைமேல் இருக்கும் வருத்தமும் அதில்தான் வெளிவரும். ஒரு வீட்டில் பத்து ஆண்டுகளாக ஆலயத்துக்கு வராத ஒருவர், தம் தாய் இறந்தபோது மழை பெய்ததால் போதகர் அடக்கத்துக்கு வரவில்லை என்று என்னிடம் சொன்னார். அந்தப் போதகர் நான் அல்ல. ஆனாலும் சபையின் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, கல்லறைக்குப் போய் அவரோடு சேர்ந்து ஜெபித்தேன். அடுத்த மாதம் அவர் தம் மகளின் பிள்ளையோடு ஆலயத்துக்கு வந்தார்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதியைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு போதகரை மக்கள் அளப்பது பிரசங்கத்தால் அல்ல; சாவு வீட்டுக்கு எப்போது வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதாலேயே. செய்தி கிடைத்ததும் புறப்படுங்கள். இரவு முழுவதும் இருக்க முடியாவிட்டாலும், அடக்கத்தின் முன்தினம் ஒருமுறையும் எட்டாம் நாளோ முப்பதாம் நாளோ மீண்டும் ஒருமுறையும் செல்லுங்கள். துக்க வீட்டில் இந்து உறவினர்களும் இருப்பார்கள், அவர்களுடைய வழக்கங்களைப் பழிக்கும் ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

ஒவ்வொரு வீட்டையும் பார்த்து வந்ததும் அன்றிரவே குறிப்பு எழுதுங்கள்: யார் யார் இருக்கிறார்கள், யார் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார், நோய் என்ன, பிள்ளைகள் எந்த வகுப்பு, யாருக்கு நுண்கடன் சுமை, யார் குடியால் அவதிப்படுகிறார். அந்தக் கொப்பியை வேறு யார் கண்ணிலும் படாமல் பூட்டி வையுங்கள். இரகசியம் காக்கத் தெரியாத போதகருக்கு இரண்டாவது முறை யாரும் மனம் திறப்பதில்லை.

ஞாயிறு ஆராதனையைத் தோட்டத்தின் நேரத்தோடு பொருத்துதல்

கொழுந்து மிகுந்த மாதங்களில் ஞாயிறன்றும் கைக்காசுக்கு வேலை இருக்கும். கடனில் இருக்கும் ஒரு தாய் அந்த வேலையை விட்டுவிட்டு ஆராதனைக்கு வர வேண்டும் என்று மேடையிலிருந்து கண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் வரக்கூடிய நேரத்துக்கு ஆராதனையை மாற்றுவது போதகரால் முடியும். மேற்குச் சரிவிலுள்ள ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நான்கு மணி ஆராதனை வைத்தால், காலையில் வராத பாதிப் பேர் வருவார்கள். அங்கே மே மாதத்துக்குப் பின் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் மாலையில் மேட்டுப் பாதையில் முதியவர்கள் ஏற முடியாது. அப்போது மீண்டும் காலைக்கு மாற்றலாம். ஊவாப் பக்கம், பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதிகளில் மழை ஆண்டின் இறுதி மாதங்களில்தான் கனக்கும். அங்கே கணக்கு வேறு. ஆண்டின் தொடக்கத்திலேயே டிவிசன் மக்களோடு உட்கார்ந்து நேர அட்டவணை ஒன்றைத் தீர்மானித்து, அதை ஆலயக் கதவிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அருகிலும் ஒட்டி வைப்பது நல்லது.

ஆராதனை எழுபத்தைந்து நிமிடத்துக்குமேல் போக வேண்டாம். பழைய வழிபாட்டு ஒழுங்கைக் கைவிடாதீர்கள், அதை மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்களுக்கு அதுதான் வீடு. ஆனால் வேதவாசிப்பையும் வேண்டுதலையும் சபையாரிடமே கொடுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் தம் வார்த்தையில் வேண்டுதல் செய்யட்டும். மழைக்காக, மண் சரியாமல் இருக்க, பிள்ளையின் பரீட்சைக்காக அவர் கேட்கும் வேண்டுதலைக் கேட்டபின், போதகரின் அச்சிட்ட ஜெபம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது புரியும். கீர்த்தனைகளைத் தாளத்தோடு பாட இளையவர்களைப் பழக்குங்கள். கீபோர்டு வாங்க நிதி திரட்டுவதற்கு முன் ஒரு தபேலாவோ டோலக்கோ போதும்.

டிவிசனுக்கு ஒருவர்

இந்த ஒரு வேலை தவறினால் மேலே சொன்ன அனைத்தும் உங்கள் மாற்றலோடு முடிந்துவிடும். ஒரு போதகரின் பொறுப்பில் ஏழெட்டுத் தோட்டங்கள் இருப்பது மலையகத்தில் வழக்கம். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று டிவிசன். நீங்கள் ஓடி ஓடிச் செய்தாலும் ஒரு டிவிசனுக்கு மாதம் ஒருமுறைதான் போக முடியும். மோசேயின் மாமன் எத்திரோ சொன்ன ஆலோசனையும், அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கு எழுவரைத் தெரிந்துகொண்டதும், இந்த நிலைமைக்காகவே எழுதப்பட்டவை போல எனக்குத் தோன்றும். உபதேசியார் என்ற பதவி சம்பளத்தோடு திரும்பி வரப்போவதில்லை. அந்த வேலை திரும்பி வரலாம்.

யாரைத் தெரிந்துகொள்வது? வழக்கமாகச் சபைக் குழுவில் இருப்பவர்கள் தோட்டத் தலைவர், ஸ்டோர் உத்தியோகத்தர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகியோர். அவர்கள் குழுவில் இருக்கட்டும். டிவிசன் பொறுப்பாளராக நீங்கள் தேட வேண்டியவர், லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டார் முதலில் கதவைத் தட்டும் ஆள். பெரும்பாலும் அவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணாக, கொழுந்து எடுப்பவராக, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவராக இருப்பார். எனக்கு என்ன தெரியும் ஐயா என்று அவர் மறுப்பார். மூன்று முறை கேளுங்கள். கணவரிடமும் மாமியாரிடமும் பேசி அவர்களுடைய சம்மதத்தையும் பெறுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு வீட்டில் பிரச்சினை வரும்.

அவருக்குக் கொடுக்க வேண்டிய வேலை நான்கே: வாரம் ஒருமுறை லயத்தில் குடும்ப ஜெபம், நோயாளிகளைப் பார்த்தல், பிள்ளைகளை ஓய்வுநாள் பாடசாலைக்குக் கூட்டி வருதல், டிவிசனில் என்ன நடக்கிறது என்பதைப் போதகருக்குச் சொல்லுதல். காணிக்கை சேர்க்கும் பொறுப்பை அவர்மேல் சுமத்த வேண்டாம். பணம் கேட்கும் ஆளாகிவிட்டால் அவர் போகும் வீட்டுக் கதவு மூடப்படும்.

பயிற்சியை மாதத்தில் ஒரு நாள், சம்பளத் திகதியை ஒட்டிய ஞாயிறன்று ஆராதனைக்குப் பின் வையுங்கள். அன்று பேருந்துக்குக் கையில் காசு இருக்கும், இல்லாதவர்களுக்குப் பயணச் செலவைச் சபை கொடுக்க வேண்டும். நான்கு சுவிசேஷப் பகுதிகளை எல்லோருமாக ஒவ்வொன்றாக வாசித்து, அது நம் லயத்தில் யாருடைய கதை என்று கேட்டுப் பேசுங்கள். அடுத்த மாதம் வரை நான்கு வாரமும் அதே நான்கு பகுதிகளை அவர்கள் தத்தம் ஜெபக்கூட்டத்தில் நடத்தட்டும். வாசிப்பதில் தயக்கம் உள்ளவருக்கு, அப்பகுதிகளை உங்கள் குரலில் பதிவுசெய்து கைபேசியில் அனுப்பினால் கேட்டுப் பழகிக்கொள்வார். பிரசங்கம் செய்யும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். ஓராண்டு முடியும்போது இருவரில் ஒருவர் தாமாகவே பேசத் தொடங்குவார். கூடுதல் பயிற்சிக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள இளைஞர் ஒருவர் தென்பட்டால், பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரியைப் பற்றி அவரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குருவானவர் ஒருவர் அதே மலைக்குத் திரும்பி வருவதைப் போலச் சபைக்குத் தெம்பு தருவது வேறில்லை.

பொறுப்பாளர் தவறு செய்வார். ஜெபக்கூட்டத்தில் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசிவிடுவார், யாரோ ஒருவரைப் பகைத்துக்கொள்வார். எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்காமல் தனியே அழைத்துப் பேசுங்கள். முதல் தவறில் பதவியைப் பறித்தால் அடுத்த முறை எவரும் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வர மாட்டார்கள்.

கூரையும் காசும்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் இரண்டாவது சபையில் ஆலயக் கூரை ஒழுகியது. கூரையைச் சீராக்கினால் மக்கள் பெருமையோடு திரும்பி வருவார்கள் என்று நம்பி, வந்த முதல் ஆண்டிலேயே நிதி திரட்டத் தொடங்கினேன். வெளிநாட்டு உறவினர்களிடமிருந்து பணம் வந்தது, தகரம் புதிதாயிற்று, திறப்பு விழாவும் நடந்தது. அதற்கடுத்த ஞாயிறு பழைய பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, மிச்சம் எவ்வளவு என்று எவருக்கும் நான் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. லயங்களில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்து, அது அடங்க மூன்று ஆண்டுகள் ஆயின. ஆட்கள் திரும்பிய பிறகு கூரையைத் தொட்டிருந்தால் அவர்களே கல்லும் மரமும் சுமந்திருப்பார்கள். நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தில் அவரவர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த மதிலைக் கட்டினார்கள் என்பதை அதற்குப் பின்தான் கவனித்து வாசித்தேன்.

ஆகவே கணக்கை மாதந்தோறும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். போதகர் பணத்தைத் தொட வேண்டாம். எண்ணும்போது இருவர் இருக்க வேண்டும், அவர்கள் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. காணிக்கை சிறிதென்று ஒருநாளும் சொல்லாதீர்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர 2021 வரை காத்திருந்த மக்கள், விலைவாசி எகிறிய 2022ஆம் ஆண்டிலும் ஞாயிறுதோறும் நாணயத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார்கள். அதற்குள் இருக்கும் தியாகத்தை மதியுங்கள். அறுப்பின் பண்டிகையில் காய்கறியும் கோழியும் ஏலம்விடும்போது ஏலம் கேட்க முடியாதவர்கள் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் நிலை இருந்தால், அந்த முறையை மாற்றி, கொண்டுவந்ததையெல்லாம் சேர்த்துச் சமைத்து எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடும்படி செய்வது மேலானது என்பது என் கருத்து.

ஊரை விட்டுப் போன பிள்ளைகள்

கொழும்பில் வேலை செய்யும் இளையவர்களைச் சபையின் இழப்பாக எண்ணாமல், தூரத்தில் இருக்கும் உறுப்பினர்களாக எண்ணுங்கள். வீட்டுக் குறிப்புகளிலிருந்து அவர்களுடைய கைபேசி எண்களைப் பெற்று, வாட்ஸ்அப் குழு ஒன்றை அவர்களில் ஒருவரையே நடத்தச் சொல்லுங்கள். அதில் நாள்தோறும் வசனப் படம் அனுப்புவதைவிட, அம்மா வைத்தியசாலையில் இருக்கிறார், லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது என்ற செய்திகள் அவர்களை அதிகம் பிணைக்கும். ஆண்டுக்கு இருமுறை நீங்கள் கொழும்புக்குச் சென்று, அவர்கள் தங்கியிருக்கும் இடங்களில் சந்தியுங்கள். அங்குள்ள தமிழ்ச் சபையின் போதகருக்குப் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுங்கள். தீபாவளி, கிறிஸ்மஸ் விடுமுறையில் அவர்கள் ஊர் வரும் வாரத்தை முன்கூட்டியே அறிந்து, திருமணப் பேச்சு, ஞானஸ்நானம், கல்லறைச் சுத்தம் ஆகியவற்றை அந்த வாரத்தில் வைத்தால், ஆலயம் அவர்களுக்கு மீண்டும் வீட்டின் ஒரு பகுதியாகும். தோட்டத்தில் தங்கியிருக்கும் மாணவர்களுக்கு, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னான மாதங்களில் ஆலய மண்டபத்தை மாலை வேளையில் திறந்து, விளக்கும் மேசையும் கொடுங்கள். இந்துப் பிள்ளைகளும் வரட்டும். அவர்களைக் கிறிஸ்தவர்களாக்கும் நோக்கம் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் தோட்டம் முழுவதும் ஒரு வாரத்தில் அறிந்துவிடும், இந்துக் கோயில் கமிட்டியோடு இருந்த நல்லுறவும் கெட்டுவிடும்.

அயலாரும் உள்ளே இருக்கும் பிளவும்

உங்கள் உறுப்பினர்களில் சிலர் வேறு ஜெபக்கூடங்களுக்குப் போயிருப்பார்கள். அவர்களை மீட்டு இழுக்கப் போட்டியிட வேண்டாம், அந்த ஊழியர்களைப் பற்றி மேடையில் பேசவும் வேண்டாம். நோயில் தம்மைத் தொட்டு ஜெபிக்க ஆள் வேண்டும் என்றே பெரும்பாலோர் போனார்கள். நம்மிடம் அது குறைந்திருந்தது என்பதை ஒப்புக்கொண்டு, நோயாளிகளுக்கான ஜெபத்தை ஆராதனையின் ஒழுங்கான பகுதியாக்குங்கள்.

இதைவிடக் கடினமானது சாதி. வெளியே சொல்லாவிட்டாலும், சில சபைகளில் எந்த லயத்தார் எந்த வாங்கில் அமர்கிறார்கள், யார் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தால் யார் வருவதில்லை என்பதில் அது ஒளிந்திருக்கும். முதல் ஆண்டின் வீட்டுச் சந்திப்புகளில் இது உங்களுக்குத் தெரிந்துவிடும். டிவிசன் பொறுப்பாளர்களைத் தெரிந்துகொள்ளும்போது ஒதுக்கப்பட்ட பக்கத்திலிருந்தும் ஆட்களை எடுங்கள், அவர்கள் வீட்டில் நீங்கள் முதலில் சாப்பிடுங்கள், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தை எல்லோருக்கும் கொடுங்கள். இதனால் ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு போனாலும் பின்வாங்காதீர்கள். எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக இந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால், எழுப்பப்பட்டது சபையாக இருக்காது.

ஆபத்து வேளையில் சபை என்ன செய்கிறது என்பதையும் தோட்டம் கவனிக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பாடசாலைகளும் வழிபாட்டு இடங்களும் மக்களின் அடைக்கலம் ஆயின. உங்கள் ஆலயம் சரிவுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே கிராம உத்தியோகத்தரோடு பேசி, தண்ணீர், மலசலகூடம், பாய், சாவி யாரிடம் என்பவற்றை ஒழுங்குசெய்து வையுங்கள். எச்சரிக்கை வந்த இரவில் சாவி தேடுவதற்கு நேரம் இருக்காது.

மூட வேண்டிய ஆலயமும் இருக்கலாம்

டிவிசனில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இரண்டே மிஞ்சி, அவர்களும் இறங்கிப் போகத் தயாராக இருந்தால், அந்தச் சிற்றாலயத்தை வலிந்து திறந்து வைப்பதில் பயனில்லை. ஆனால் அதைப் பேராயத்துக்கோ சேகரக் கூட்டத்துக்கோ ஒரு கடிதத்தால் முடித்துவிடக் கூடாது. அங்கிருந்து போனவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, வரக்கூடியவர்கள் வந்து, கடைசித் திருவிருந்து கொண்டாடி, மணியையும் ஞானஸ்நானத் தொட்டியையும் ஊர்வலமாக அடுத்த ஆலயத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பை எழுத்தில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். இப்படி மூடப்பட்ட இடத்திலிருந்து வந்த குடும்பங்கள், போன இடத்தில் உண்மையாக நிலைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

மாற்றல் வரும்போது

நான்கைந்து ஆண்டுகளில் மாற்றல் வரும். இரண்டு ஆண்டுகளிலேயே வருவதாகத் தெரிந்தால், பொறுப்பாளர்கள் இன்னும் நிலைகொள்ளவில்லை என்று காரணம் காட்டி, மேலும் ஈராண்டு தங்க அனுமதி கேளுங்கள். அப்படிக் கேட்பதைப் பேராசை என்று நினைக்க வேண்டாம். போகும் ஆண்டில் புதிதாக எதையும் தொடங்காமல், டிவிசன் ஜெபக்கூட்டங்களுக்கு நீங்கள் போவதைப் படிப்படியாகக் குறைத்து, அவை நீங்கள் இல்லாமல் நடக்கின்றனவா என்று கவனியுங்கள். வீட்டுக் குறிப்புக் கொப்பியை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள இரகசியங்கள் உங்களிடம் சொல்லப்பட்டவை. அதிலிருந்து முகவரி, நோயாளிகள், முதியவர்கள், அண்மையில் துக்கம் நடந்த வீடுகள் ஆகியவற்றை மட்டும் புதிய கொப்பி ஒன்றில் எழுதி, புதிய போதகர் வந்த முதல் வாரத்திலேயே அந்த வீடுகளுக்கு அவரை நடத்திக் கூட்டிப்போகும்படி டிவிசன் பொறுப்பாளர்களிடம் கையளித்துவிட்டுப் புறப்படுங்கள்.